கிணற்றிலிருந்து எண்ணிய கொல்லை

இன்று காலை நம் இரண்டு கொல்லைகளுக்கும் நடுவில் புதிதாகக் கல் நட்டார்கள். இப்போதெல்லாம் சங்கிலி இழுத்து அளப்பதில்லை. ஒரு கம்பத்தின் தலையில் வட்டமாக ஏதோ ஒரு கருவி. அதை வரப்பில் ஊன்றிவிட்டு, சர்வேயர் கையிலிருக்கும் திரையைப் பார்க்கிறார், அவ்வளவுதான் அளவை. ஊர் ஊராக மறுபடி நிலம் அளக்கிறார்கள் என்று தகவல் வந்ததும் நான் பெங்களூரிலிருந்து முந்தின நாளே கிளம்பி வந்துவிட்டேன். நிலத்து விஷயம் என்றால் நான் இப்போது ஒரு நாள் முன்னதாகவே வந்து நிற்கிறேன். உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்.

"நலபை எனிமிதி பை ஒகடி எவரிதி?" என்று சர்வேயர் தெலுங்கில் கேட்டார். சர்வே நம்பர் நாற்பத்தெட்டில் ஒன்று யாருடையது என்கிறார். உன் மனைவி "மாதே சார்", எங்களுடையதுதான் என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்து, ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்துப் பத்திரத்தை நீட்டினாள். கவர் நசநசவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நாம் இருவரும் கையெழுத்துப் போட்ட திருத்தப் பத்திரம். உன் இடது கட்டைவிரல் ரேகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலத் தீற்றல்தான் இருந்தது. இருபது வருஷம் சிமெண்டில் ஊறிய விரலுக்கு ரேகை ஏது? ஆபீசில் உன்னை மூன்று தரம் அழுத்தச் சொன்னார்கள். மூன்று தரமும் வழவழவென்றே விழுந்தது. "இன்னா சார் பண்றது, வெரல கட்டடத்துலயே வுட்டுட்டு வந்துட்டேன்" என்று நீ சொன்னதும், முகத்தைத் தூக்கி வைத்திருந்த அந்த குமாஸ்தா கூடச் சிரித்துவிட்டார். அந்தத் தீற்றலைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆந்திர எல்லையில் பிச்சாட்டூர் பக்கத்தில் பிறந்த நம் வயதுக்காரர்களுக்கு அப்போது இரண்டு பஸ்தான். ஒன்று ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்குப் போகும், இன்னொன்று திருப்பதிக்குப் போகும். நீ முதல் பஸ்ஸில் ஏறினாய். சென்னைக்கு வெளியே எல்லாப் பக்கமும் மாடிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம், சித்தாளாகப் போனவன் நாலே வருஷத்தில் மேஸ்திரி ஆனாய். நான் திருப்பதி போய் அங்கிருந்து பெங்களூருக்கு மாறி, வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். என் நைனா இறந்த பிறகு ஊரில் அம்மா மட்டும். கொல்லை இரண்டையும் பார்க்க ஆளில்லை. அதில் ஒன்றை விற்கப் போகிறேன் என்றதும் நீதான் முதலில் வந்து நின்றாய்.

உன் அப்பாவும் அம்மாவும் எங்கள் கொல்லையில் கூலிக்கு வேலை செய்தவர்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தோம், ஆனாலும் நாலு பேர் இருந்தால் என்னை "வாங்க" என்பாய், தனியாக இருந்தால் "டேய்" என்பாய். அன்றைக்கு என் அம்மா எதிரிலேயே "டேய், எனக்கே குடுடா" என்றாய். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சரி என்றேன். அதற்குமேல் ஒரு பேச்சும் இல்லை.

தப்பு நடந்த இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரே தகர ஷெட், அதில் பத்திரம் எழுதும் லேகரி, மூக்கின் நுனியில் கண்ணாடி. என் நிலத்துப் பாஸ்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நாற்பத்தெட்டில் ஒன்று, நாற்பத்தெட்டில் இரண்டு, ரெண்டும் அரை அரை ஏக்கர், எதை விற்கிறாய் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "ரெண்டாவது கொல்லைங்க" என்றேன்.

நம் ஊரில் நிலத்தைக் கிணற்றிலிருந்துதானே எண்ணுவோம்! தண்ணீர் முதலில் பாய்வது முதல் கொல்லை, வாய்க்கால் தாண்டிப் போவது இரண்டாவது. நைனா அப்படித்தான் சொல்வார், உன் அப்பாவும் மடை மாற்றும்போது அப்படித்தான் கூப்பிடுவார். அரசாங்கம் தண்ணீர் பாய்ச்சுவதில்லையே, அது ரோட்டிலிருந்து எண்ணியிருந்தது. அவர்களுக்கு ரோட்டோரம் இருப்பது ஒன்று, கிணறு இருப்பது இரண்டு. நான் விற்க நினைத்தது ரோட்டோரக் கொல்லை. எழுதிக் கொடுத்தது கிணற்றுக் கொல்லை. லேகரி எண்ணைப் பார்த்து நான்கு எல்லைகளையும் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே இறக்கிவிட்டு, தெலுங்கில் கடகடவென்று வாசித்தார். தெலுங்கு பேசத் தெரியுமே தவிர அந்த எழுத்துத் தெலுங்கு நம் இருவருக்கும் பிடிபடாது. தலையை ஆட்டினோம். வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "ஐயரு மந்திரம் மாதிரிடா. புரிஞ்சா இன்னா, புரியாட்டி இன்னா, தாலிய கட்டிட்டா நம்ம பொண்டாட்டிதான்."

பிறகு மூன்று வருஷம் சனிக்கிழமை தோறும் சென்னையிலிருந்து வந்து வீடு கட்டினாய். ஊருக்கெல்லாம் ஆள் வைத்து மாடி எழுப்புகிறவன், உன் வீட்டுக்கு மட்டும் நீயே செங்கல் வைத்தாய். உன் மனைவி கலவை போட்டாள். நான் பொங்கலுக்கு வந்தபோது ஜன்னல் மட்டம் வரை எழும்பியிருந்தது. சுவரைத் தட்டிக் காட்டி, "எங்க பரம்பரையில பட்டா பாத்த மொத ஆளு நான்தான்டா" என்றாய். சொல்லிவிட்டு அந்தச் செங்கல்லையே தடவிக்கொண்டிருந்தாய். நான் கவனிக்காத மாதிரி பூச்சு வேலையைப் பற்றி ஏதோ கேட்டேன்.

பன்னிரண்டு வருஷம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானம் கம்பெனியில் இருக்கும்போது உன் போன்.

"டேய், நம்ம பத்திரத்துல நம்பரு மாறிப்போய்க்கீது. என் ஊடு உன் நம்பர்ல கீது, உன் கெணறு என் நம்பர்ல கீது."

"யாரு சொன்னா?"

"பேங்க்குல சொன்னாங்க. லோனு கேக்கப் போனேன். நீ வந்து ஒரு கையெழுத்து போட்டா சரியாப்பூடுமாம். எப்போ வர்ற?"

வர்ற வாரம் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வர வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் என் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் மனை வாங்கி விற்கும் தொழிலில் இருந்தவன். விஷயத்தைச் சொன்னேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு, "அவசரப்படாதீங்க மாமா. ரோட்டை அகலம் பண்றாங்க, அந்தப் பக்கம் கம்பெனிங்க வருது. பேப்பர்படி அந்த எடம் உங்களுது. வீடு கட்டினது அவர் தப்பு" என்றான். அவன்மேல் பழி போட மாட்டேன். அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டான், அதை எட்டு மாதம் வைத்துக்கொண்டிருந்தது நான்தான். உன்னை ஏமாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஏமாற்றக் கூடாது என்றும் முடிவு பண்ணவில்லை. பீரோவிலிருந்து பத்திர நகலை எடுப்பேன், பார்ப்பேன், மறுபடி உள்ளே வைப்பேன். அதற்குப் பெயர் என்ன என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நீ பதினைந்து நாளுக்கு ஒரு தரம் கூப்பிட்டாய். முதலில் பிள்ளைகள் படிப்பைக் கேட்பாய், அப்புறம் பெங்களூர் குளிரைக் கேட்பாய், கடைசியில்தான் "அத்த இன்னாடா பண்ணலாம்?" என்பாய். லீவு கிடைக்கலடா என்பேன். "சரி சரி, வேலைய பாரு, கெடச்சா வா" என்று வைத்துவிடுவாய். ஒரு தரம் கூட குரலை உயர்த்தவில்லை. நீ ஒரு தரம் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே வேளைக்குச் சாப்பிட்டது, தூங்கியது.

அம்மா போனில் சொல்வாள், "அவன் வந்து வந்து கேட்டுக்கினு போறான்டா, எப்போ வருவன்னு. சும்மாவும் போவறதில்ல, மோட்டார் ஷெட்டு சொவுரு வுழுந்துடும் போல இருந்துச்சின்னு பூசிட்டுப் போய்க்கிறான்." என் மோட்டார் ஷெட். அந்தத் தேதியில் காகிதப்படி அது உன்னுடையது என்பது அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் உறைக்கவில்லை. மச்சான் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து நான் பாதிக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். உன் வீடு என் பெயரில் இருக்கிறது என்பது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது.

எட்டாவது மாதம் யாரோ அம்மாவுக்கு விவரமாகச் சொல்லியிருக்கிறார்கள். காலையிலேயே போன்.

"கெணத்துக் கொல்லை அவன் பேருல கீதாமே?"

"ஆமாம்மா, நம்பர் மாறி..."

"உன் நைனாவ அங்கதானே பொதச்சிக்கீறோம். அந்த எடத்த அடுத்தவன் பேருல வுட்டுட்டு எப்டிடா நீ சோறு துன்ற?"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். இதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். உன் வீட்டுக்காக நான் வரவில்லை. கிணறு போய்விடுமோ என்று பயந்து வந்தேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கி புத்தூர் பஸ்ஸுக்கு ஓடும்போது, நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் உன்னை எந்த நிலையில் வைத்திருந்தேனோ, அதே நிலையில் அரை நாள் இருந்தேன். அரை நாளே தாங்கவில்லை.

நான் வருவதை அம்மா சொல்லியிருந்தாள்; நீ வெளுத்த வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்கு வந்தவன் போல ஆபீஸ் வாசலில் நின்றாய். இந்தத் தடவை வேறு லேகரி, வயதில் சின்னவர். சர்வே வரைபடத்தை விரித்து, ரோடு எங்கே, கிணறு எங்கே என்று நம் கையாலேயே தொட்டுக் காட்டச் சொன்னார். திருத்தப் பத்திரத்துக்குத் தெலுங்கில் சவரண தஸ்தாவேஜு என்று பெயர். நீ அதைச் சவரப் பத்திரம் என்றே கடைசி வரை சொன்னாய். "சவரம் பண்ணி முடிச்சாச்சா சார்?" என்று நீ கேட்க, லேகரி நிமிர்ந்து பார்க்க, நான் உன் காலை மிதித்தேன்.

உள்ளே அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். மனமொப்பித்தானே கையெழுத்துப் போடுகிறீர்கள், யாரும் வற்புறுத்தவில்லையே? நான் அவசரமாகத் தலையாட்டினேன். நீ என் பக்கம் திரும்பி, தமிழில், மெதுவாக, "உன் கெணத்த உன் கையில குடுக்கறதுக்கு எட்டு மாசமா கூப்புட்டுக்கினு கீறேன்டா. வாங்கிக்க வரமாட்டேன்னா எப்டி?" என்றாய்.

கிண்டல் செய்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அப்புறம் விரலை மையில் தோய்த்து மூன்று தரம் அழுத்தினாய். வெளியே வந்து, "துன்னுட்டு போடா, பஸ்ஸு எங்கயும் ஓடிப்பூடாது" என்று மெஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனாய். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஏன்டா இவ்வளவு நாள் என்று நீ கேட்பாய் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் எதிர்பார்த்தேன். நீ உன் பெண் பிளஸ் டூவில் எந்த குரூப் எடுக்கலாம் என்று கேட்டாய்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. சென்னையில் வேலை நடக்கிற இடத்தில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள். வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னதாக உன் பெண் சொன்னாள். உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது, பந்தலில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நாகலாபுரம் பக்கத்தவர், நிலத் தரகர். நான் யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீங்கதான் அந்த கெணத்துக்காரரா?"

ஆமாம் என்றேன்.

"அந்தத் தண்ணி மாதிரி இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடையாதுங்க. பாட்டில்ல தண்ணி அடச்சி விக்கற கம்பெனி ஒண்ணு எடம் கேட்டுது. யாரு பேருல கீதுன்னு வில்லங்கத்துக்கு ஈசி போட்டு பாத்தேன், இவுரு பேரு வந்துச்சி. இவுருகிட்ட போயி, உங்க கெணத்துக் கொல்லைய குடுங்கன்னேன். மொதல்ல சிரிச்சாரு. அது என் பிரண்டுது, என்னுது ரோட்டோரம்னாரு. பேப்பர விரிச்சிக் காட்டினேன். அப்டியே ஒக்காந்துட்டாரு."

"அப்புறம்?"

"நாலு தபா போனேன். கம்பெனிக்காரரு கார் போட்டுக்கினு வந்து கேட்டாரு. உன் ஊட்ட எவனும் புடுங்க முடியாது, பன்னெண்டு வருசமா குடியிருக்கிற, கெணத்த மட்டும் தள்ளி வுடு, நீ சித்தாள் வெச்சி வேல செய்யறவன் இல்ல, ஊர்ல மொதலாளின்னு சொன்னோம். ‘அவன் நைனா அங்க படுத்துக்கினு கீறாரு. அவன் வந்து கையெழுத்து போட்டு வாங்கிக்கிற வரிக்கும் நீ இந்தப் பக்கமே வராத'ன்னுட்டாரு."

"பேங்க்குலதான் கண்டுபிடிச்சாங்கன்னு சொன்னானே?"

"பேங்க்கா? எந்த பேங்க்குங்க? அவுரு லோனே கேட்டதில்ல."

இலை போட்டிருந்தார்கள். என்னால் சாப்பிட முடியவில்லை. எட்டு மாதம் நீ போன் பண்ணியதெல்லாம் உன் வீட்டைக் கேட்டு என்று நினைத்திருந்தேனே! நீ என்னுடையதைத் திருப்பிக் கொடுக்கத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய், நான்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். ஆபீசில் நீ சொன்னது கிண்டல் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாய். தரகர் வந்ததை ஏன் என்னிடம் மறைத்தாய் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சொல்லியிருந்தால் நான் பதறிக்கொண்டு அடுத்த நாளே வந்திருப்பேன். மிரட்டுகிறாய் என்றும் நினைத்திருப்பேன். அப்படி என்னை வரவழைக்க உனக்கு மனமில்லை என்று நினைக்கிறேன். வேறு காரணம் இருந்தால் நீதான் சொல்ல வேண்டும்.

இன்று கல் நட்டு முடித்து சர்வேயர் கிளம்பினதும் உன் மனைவி மோர் கொடுத்தாள். உன் வீட்டு நிழலில், நீ வைத்த செங்கல் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக என்னிடம் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள், இன்று என்ன தோன்றியதோ, பேசினாள்.

"அண்ணா, அப்போ இந்த நம்பரு தகராறு வந்துச்சே, ராவெல்லாம் எனக்குத் தூக்கமே கெடையாது. என் தம்பி வந்து சண்டைக்கு நின்னான். அந்த ஆளு வேணும்னே இழுக்கறாரு, ஊட்ட அமுக்கப் பாக்கறாரு, கேஸு போடலாம்னு குதிச்சான். இவுருக்கு வந்துச்சே கோவம், நான் அப்டி ஒரு கோவத்த பாத்ததே இல்ல. ‘அவனுக்கு லீவு கெடைக்கலடா, வெளியூரு கம்பெனி, பாவம் அவன் இன்னா பண்ணுவான், என் பிரண்டப் பத்தி ஒரு வார்த்த பேசின, இந்தப் படிய மிதிக்காத'ன்னுட்டாரு. அதுக்கப்பறம் என் தம்பி ரெண்டு வருசம் இந்த ஊட்டுக்கே வரல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. ஆமாம் என்று நான் சொன்னால் போதும் என்கிற மாதிரி இருந்தது. "ஆமாம்மா, அப்பல்லாம் லீவே குடுக்க மாட்டாங்க" என்றேன். அவள் நிம்மதியாக டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உன் மச்சானைப் பகைத்துக்கொண்டு, என்னை நீ காப்பாற்றியிருக்கிறாய். காப்பாற்றும்படியாக நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த எட்டு மாதத்தில் எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் இல்லாமல் பன்னிரண்டு நாள் கதவடைத்தார்கள். பன்னிரண்டு நாளும் நான் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த நாட்களில்தான் நீ ஒரு தரம் கூப்பிட்டாய். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உன்னிடம் பேசினேன்.

உன் மனைவியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன். எனக்கு லீவு இருந்ததுடா.